மாயவரத்து ஓட்டு வீடு, ஐப்பசி மழை, ஒரு 50எம்எம் லென்ஸ்

முதல்லயே சொல்லிடுறேன், இந்த லென்ஸ நான் வாங்கினது வீட்டு வேலையப் படம் எடுக்கலாம்னுதான், அந்த வேலைக்கு இது சுத்தமா உதவாது. அதனால வீட்ட இடிச்சு சரிபண்ற யாராவது எந்த லென்ஸ் வாங்கலாம்னு தேடிக்கிட்டு வந்திருந்தீங்கன்னா இதோட நிறுத்திக்கலாம், கையில இருக்குற போனே போதும். மத்தவங்க படிங்க, கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

லென்ஸ் பேரு கேனான் ஈஎஃப் 50எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம். 2015ல வந்த மாடல். இதுக்கு முன்னாடி 1990ல வந்த ஒண்ணு ரொம்ப வருஷம் ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதுல கேமரா பாடியில மாட்டுற இடமே பிளாஸ்டிக், இதுல மெட்டல். 50எம்எம்ங்கறது காட்சிய எவ்வளவு கிட்ட இழுத்துக் காட்டும்ங்கற கணக்கு, எஃப் நம்பர்ங்கறது வெளிச்சம் உள்ள வர்ற வாசலோட அளவு, நம்பர் சின்னதானா வாசல் பெரிசு. எடை 160 கிராம் பக்கம், ஒரு நடுத்தர தக்காளி கனம்தான். என்கிட்ட இருக்குற கேமரா கேனான் 1500டி, சின்னது பொறந்தப்போ வாங்கினது, கூட வந்த 18-55 கிட் லென்ஸ்தான் இத்தனை நாளும். லென்ஸ் ஒன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழ வந்துச்சு, வீட்டுக்காரர்கிட்ட ஆறாயிரம்னு சொல்லியிருக்கேன், அவர் இதையெல்லாம் படிக்க மாட்டார்ங்கற தைரியம்.

இப்ப வீட்டுக் கதை. இது அவரோட தாத்தா கட்டின வீடு, திண்ணை, ரேழி, கூடம், நடுவுல முற்றம், சுத்தி தாழ்வாரம் எல்லாம் நாட்டு ஓடு, பின்கட்டு மட்டும் மெட்ராஸ் டெரஸ் மச்சு, அதாவது மரக்கட்டை மேல செங்கல் அடுக்கி சுண்ணாம்பு போட்ட கூரை. ஓட்டுக்குக் கீழ இருந்த ரீப்பர் கட்டை பாதிய கரையான் தின்னுடுச்சு, மச்சுல மழை பெஞ்சா அடுப்பு மேலயே சொட்டும், அத்தை ரெண்டு வருஷமா சமையல் பண்ணும்போது பக்கத்துல ஒரு குண்டான வச்சுக்கிட்டே சமைச்சாங்க. சரி வேலைய ஆரம்பிப்போம்னு பேசினது வைகாசில. காண்ட்ராக்டர் ஆடி போகட்டும்னார், ஆவணில வேற சைட்ல மாட்டிக்கிட்டார், புரட்டாசில பாதி நாள் போன் எடுக்கல, கடைசியில 2024 ஐப்பசி பொறந்து மூணாவது நாள் காலையில ஆளோட வந்து நிக்கிறார். ஐப்பசி அடைமழை கார்த்திகை கனமழைன்னு ஊரே சொல்ற மாசத்துல எவனாவது ஓட்டப் பிரிப்பானா? நாங்க பிரிச்சோம்.

ஸ்கூல்ல பெரும்பொழுது படிச்சிருப்பீங்க இல்ல, ஐப்பசி கார்த்திகை கூதிர் காலம்னு. இந்த சீசன்ல கேமரா வச்சிருக்குற வெளிநாட்டுக்காரங்க எல்லாம் சிவப்பும் மஞ்சளுமா இலை உதிர்றத எடுத்துப் போட்டுக்கிட்டு இருப்பாங்க, எங்க வீட்ல காரை உதிர்ந்துச்சு. நிறம் கிட்டத்தட்ட அதேதான், பழைய சுண்ணாம்புப் பூச்சு உரிஞ்சு கீழ செங்கல் தெரியுற அந்தச் செம்மஞ்சள். அதைப் பாத்துதான் ஒழுங்கா ஒரு லென்ஸ் வாங்கி ஆரம்பத்துல இருந்து எல்லாத்தையும் எடுக்கணும்னு ஆசை வந்துச்சு.

பார்சல் வந்த அன்னிக்கே புரிஞ்சு போச்சு. 1500டி மாதிரி சின்ன சென்சார் பாடியில 50எம்எம் போட்டா பெரிய சென்சார் கேமராவுல 80எம்எம் போட்ட மாதிரி ஆயிடும், 1.6ஆல பெருக்கிக்கணும். இத படிச்சிருக்கேன், தெரியும், ஆனா கணக்கா தெரியுறதுக்கும் சமையக்கட்டுல நின்னு தெரியுறதுக்கும் வித்தியாசம் இருக்கு. பத்தடி தள்ளி நின்னா நாலரை அடி சுவர்தான் ஃப்ரேம்ல வருது. எங்க சமையக்கட்டு மொத்தமே பத்துக்குப் பன்னெண்டு. முதுகு சுவத்துல ஒட்டிக்கிட்டு, கொல்லைக் கதவுக்கு வெளிய போயி, ஒரு தடவ சாரத்து மேல ஏறப்போயி கொத்தனார்கிட்ட திட்டு வாங்கி, எப்படி எடுத்தாலும் ஒரு ஜன்னல் பாதி, ஒரு கரணை, ஒரு ஆளோட முழங்கை. வேலைக்கு முன்னாடி, வேலைக்குப் பின்னாடின்னு பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டுவாங்களே, அந்த மாதிரி ஒண்ணு கூட இதுல தேறாது.

அந்த வேலைக்கு போன்தான். ஒரு உருப்படியான விஷயம் சொல்றேன், சுவத்த வெட்டி வயர் பைப்பும் தண்ணி பைப்பும் பதிச்சதும், பூசுறதுக்கு முன்னாடி அளவு டேப்ப சுவத்து ஓரத்துல இருந்து நீட்டிப் புடிச்சு நம்பர் தெரியுற மாதிரி ஒவ்வொரு சுவரையும் போன்ல எடுத்து வச்சிருங்க. தை மாசம் ஷெல்ஃப் அடிக்க வந்த ஆசாரி ட்ரில்ல வச்சுட்டாரு, நான் போன்ல பாத்து அண்ணே ரெண்டு இஞ்ச் இந்தப் பக்கம் வாங்கன்னு சொல்லலன்னா புது டைல்ஸோட பைப்பும் போயிருக்கும். லென்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா தெரிஞ்சுக்கோங்க.

அப்ப திருப்பி அனுப்பியிருக்கலாமேன்னு கேப்பீங்க. அனுப்பத்தான் இருந்தேன், பெட்டியக் கூட கிழிக்காம பிரிச்சு வச்சிருந்தேன். அதுக்குள்ள மழை புடிச்சுக்கிச்சு. பின்கட்டு இடிச்சாச்சு, தாழ்வாரத்துல பாதி ஓடு கீழ, அதனால மாமா, அத்தை, நாங்க ரெண்டு பேரு, அஞ்சாவது படிக்கிற பையன், சின்னது, கூடவே கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், பீரோ, சாமி படம் எல்லாம் கூடத்துக்குள்ள. ரேழியில தற்காலிக சமையல். கரண்ட் வரும் போகும். பகல் மூணு மணிக்கே வீட்டுக்குள்ள ஆறு மணி மாதிரி இருட்டு. இந்த இருட்டுல கிட் லென்ஸ் 55ல வச்சா எஃப் 5.6தான் கிடைக்கும், பத்துல ஒரு பங்கு செகண்ட் ஷட்டர் கேக்கும், சின்னது அசையாம இருக்குறது தூங்கும்போது மட்டும்தான், அப்பவும் கால ஆட்டும். 1.8ல திறந்தா கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ள வருது, அதே ஐஎஸ்ஓல (சென்சார் வெளிச்சத்த எவ்வளவு உணரணும்ங்கற அளவு) நூறுல ஒரு பங்கு செகண்ட். ஆள் நிக்கிது. அன்னிக்கு சாயங்காலம் அத்தை ரேழியில உக்காந்து அருவாமனையில வாழத்தண்டு அரியிறாங்க, பின்னாடி சிமெண்ட் மூட்டை அடுக்கு மங்கலா, விரல்ல சுத்தியிருந்த நாரு தனித்தனியா தெரியுது. பெட்டிய அன்னிக்கே கிழிச்சுட்டேன்.

முற்றம் வச்ச வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணு சொல்லணும். மழை மூடின நாள்ல முற்றத்துல இறங்குற வெளிச்சத்த காசு குடுத்தாலும் ஸ்டுடியோல வாங்க முடியாது, மேல இருந்து மட்டும் வரும், நிழல் மெதுவா இருக்கும், தாழ்வாரத்து ஓரமா ஒரு ஆள உக்கார வச்சா பாதி முகம் தானா வெளிச்சமாகும் பாதி தானா இருட்டும். மாமா சாய்வு நாற்காலியில உக்காந்து கொத்தனாருக்கு பேட்டாக் கணக்கு எழுதுற படம் ஒண்ணு இருக்கு, அவருக்கே அத ரொம்பப் புடிச்சுப் போச்சு, இதுவரைக்கும் என் கேமராவப் பத்தி ஒரு வார்த்தை பேசாதவர் "ஏம்மா, அத கழுவி ஒண்ணு குடு"ன்னார். பிரிண்ட் போடறத அவர் இன்னும் கழுவுறதுன்னுதான் சொல்வார்.

ஆனா அந்த முற்றத்து வெளிச்சம் ஒரு வாரம்தான் கிடைச்சுது. மழை வலுத்ததும் முற்றத்து மேலயும் பிரிச்ச ஓட்டு மேலயும் நீலத் தார்ப்பாய் கட்டிட்டாங்க. அவ்வளவுதான், வீட்ல எல்லாரும் நாடகத்துல கிருஷ்ணர் வேஷம் போட்ட மாதிரி ஆயிட்டோம். சாதம் நீலம், கோலப்பொடி நீலம், சின்னது உதடு ஊதா. கேமரா தானா கலர சரிபண்ற ஆட்டோ ஒயிட் பேலன்ஸால இத சமாளிக்க முடியல, நல்ல கேமராவே ஆனாலும் முடியாது, ஏன்னா தார்ப்பாய் வழியா நீலமும் ரேழி குண்டு பல்புல இருந்து மஞ்சளும் ஒரே முகத்துல விழுது, எத சரி பண்ணும் பாவம். ரெண்டு நாள் தலைய பிச்சுக்கிட்டு கடைசியில பல்ப அணைச்சுட்டு, மாமாவோட வேட்டிய அந்த வெளிச்சத்துல ஃப்ரேம் முழுக்க வர்ற மாதிரி ஒரு படம் எடுத்து, மெனுல கஸ்டம் ஒயிட் பேலன்ஸ்ல அத காட்டிட்டேன். எல்லாரும் மனுஷ கலருக்கு வந்தாங்க. வேட்டிக்கு நீலம் போட்டிருக்கக்கூடாது, அது முக்கியம், எங்க அத்தை உஜாலா கொஞ்சம் தாராளமா ஊத்துவாங்க, அதனால புது வேட்டியா பாத்து எடுத்தேன். எதுக்கும் கேமரா கை வைக்காத ரா ஃபைல்ல எடுத்து வச்சா பின்னாடி கம்ப்யூட்டர்ல மாத்திக்கலாம்.

ஃபோகஸ் பத்தி. 1.8ல எடுக்குறது சைக்கிள்ல கையை விட்டுட்டு ஓட்டுற மாதிரி. ஒரு மீட்டர் தூரத்துல இருக்குற முகத்துல மூணு சென்டிமீட்டருக்கும் கம்மியான இடம்தான் ஷார்ப்பா வரும், கண்ணு வந்தா காது வராது, பையன் முன்னாடி சாஞ்சா மூக்கு வரும் கண்ணு போயிடும். முதல் பத்து நாள் நான் எடுத்த முந்நூறு சொச்சம் படத்துல பாதிக்கு மேல இப்படித்தான், தப்பு என்னுது. 1500டில வியூஃபைண்டர்ல மொத்தம் ஒன்பது ஃபோகஸ் பாயிண்ட், அதுல நடுவுல இருக்குறதுதான் நல்லா புடிக்கும், நான் அத மட்டும் வச்சு கண்ணுல லாக் பண்ணிட்டு எடுக்கப் பழகினேன், அபெர்ச்சர, அதான் அந்த வெளிச்ச வாசல, 2.8க்கு கொண்டு வந்தா இன்னும் நிம்மதி. ஸ்கிரீனப் பாத்துக்கிட்டே எடுக்கலாம்னு நினைக்காதீங்க, இந்த பாடியில அது நிதானமாத்தான் ஃபோகஸ் பண்ணும், அதுக்குள்ள கொழந்தை கொல்லைக்குப் போயிடும். ஆட்டம் தடுக்குற ஸ்டெபிலைசேஷனும் இந்த லென்ஸ்ல கிடையாது. முப்பத்தஞ்சு சென்டிமீட்டர் வரைக்கும் கிட்ட போகலாம்ங்கறது நல்ல விஷயம், ரசமட்டத்துக்குள்ள இருக்குற குமிழிய மட்டும் எடுத்தது ஒண்ணு இருக்கு, அதுலயும் பின்னாடி கொத்தனார் பனியன்ல இருந்த ஓட்டை தெரியுது.

இப்ப தூசி. இத கண்டிப்பா படிங்க. எம்சாண்ட் தூசி, செங்கல் தூசி எல்லாம் பெரிசு, தட்டினா போயிடும், ஆனா சுவத்துக்கு பட்டி பாத்து எமரி பேப்பர் போட்டுத் தேய்ப்பாங்க பாருங்க, அந்த மாவு இருக்கே, அது மூச்சுல போவும், மூடின டப்பாக்குள்ள போவும், பருப்புல போவும். இந்த லென்ஸ்ல தூசி தண்ணிய தடுக்குற சீல் எதுவும் கிடையாது, என் பாடியிலயும் கிடையாது. நான் பண்ணின ஒரே முட்டாள்தனம், வேலை ஆரம்பிச்ச புதுசுல ஒரு தடவ கூடத்துல நின்னுக்கிட்டே கிட் லென்ஸ கழட்டி இத மாட்டினது. அப்புறம் பயந்துபோயி லென்ஸ் மாத்தவே இல்ல, தை வரைக்கும் ஒரே லென்ஸ்தான், பழக்கம் வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த ஒரு தடவைக்கு பின்னாடி வட்டியோட கட்டினேன். கார்த்திகை கடைசியில மழை விட்டு கூடத்துக்கு வெள்ளை அடிச்சு முடிச்சாச்சு, நல்ல வெயிலு, எஃப் 11ல வச்சு சுவத்த எடுத்துப் பாக்குறேன், வலது பக்கம் மேல ரெண்டு சாம்பல் புள்ளி. பெயிண்டர் தம்பிய கூப்பிட்டு என்னப்பா புது சுவத்துல ஓதம் அடிக்குதுன்னு காட்டினேன். அவன் ஏணி போட்டு ஏறி துணியால தொடைச்சான். எடுத்தேன், புள்ளி இருக்கு. பட்டி கொஞ்சம் வச்சு ஒரு கை அடிச்சான், எடுத்தேன், இருக்கு. அத்தை வந்து கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்துட்டு எனக்கு ஒண்ணும் தெரியலயேன்னாங்க. நான் விடாம எதிர் சுவத்தையாவது ஒழுங்கா அடிச்சியான்னு அதையும் எடுக்குறேன், அதே இடத்துல அதே ரெண்டு புள்ளி. அந்தப் பையன் கேமராவையும் என்னையும் பாத்துட்டு ரொம்ப மரியாதையா "அக்கா, அது சுவத்துல இல்லக்கா, உங்க பெட்டிக்குள்ள"ன்னான். சென்சார்ல தூசி. 1.8ல எடுக்குற வரைக்கும் கண்ணுக்கே தெரியாது, அபெர்ச்சர சின்னதாக்கினா பளிச்சுனு வந்து நிக்கும். மெனுல மேனுவல் க்ளீனிங் போட்டா சென்சாருக்கு முன்னாடி இருக்குற கண்ணாடி (மிரர்) மேல தூக்கிக்கும், பேட்டரி ஃபுல்லா வச்சுக்கிட்டு, கேமராவ கீழ பாத்தாப்ல புடிச்சு ரப்பர் ப்ளோயரால நாலு தடவ ஊதினதும் ஒண்ணு போச்சு, இன்னொண்ணு ரெண்டாவது தடவைல. வாயால மட்டும் ஊதிடாதீங்க. அந்தத் தம்பிக்கு சாயங்காலம் டீயோட பஜ்ஜியும் வாங்கிக் குடுத்தேன், வேற என்ன பண்றது.

ஈரம் இதவிட மோசம். ஐப்பசி கார்த்திகைல எங்க ஊர்ல காத்துலயே தண்ணி, அதுல புதுசா பூசின சுவர் வேற வீட்டுக்குள்ள ஈரத்த கக்கிக்கிட்டே இருக்கும், லென்ஸ பைக்குள்ள போட்டு பீரோல வச்சா பூஞ்சை புடிக்க வேற எதுவும் வேணாம். ரப்பர் வளையம் வச்ச காத்து போகாத டப்பா ஒண்ணு, உள்ள சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர், இவ்வளவுதான் என் ஏற்பாடு, முள்ளு நாப்பதுக்கும் அம்பதுக்கும் நடுவுல நின்னா நல்லது. ஜெல் ஈரம் குடிச்சதும் நிறம் மாறும், சூடு பண்ணினா திரும்ப பழசுக்கு வரும். நான் ஒரு நாள் பழைய இரும்பு வாணலியில போட்டு வறுத்துக்கிட்டு இருக்கேன், அத்தை வந்து எட்டிப் பாத்துட்டு "ஜவ்வரிசி ஏம்மா இந்தக் கலர்ல இருக்கு"ன்னாங்க. சிரிப்பு ஒரு பக்கம், ஆனா நீல ஜெல்ல கோபால்ட் கலந்திருக்கும், அது விஷம், சமைக்கிற பாத்திரத்துல வறுக்கவே கூடாது, அந்த வாணலிய தனியா கொல்லையில மாட்டிட்டோம். இப்ப ஆரஞ்சு கலர் ஜெல்லுக்கு மாறிட்டேன், கொழந்தை இருக்குற வீட்டுக்கு அதுதான் சரி.

தீபாவளி அக்டோபர் 31 அன்னிக்கு பாத்ரூமுக்கு கதவு இல்ல, வேட்டியத்தான் திரையா கட்டி வரிசையா எண்ணெய் தேச்சுக் குளிச்சோம், அப்ப எடுத்த படம் எதையும் யார்கிட்டயும் காட்டக்கூடாதுன்னு உத்தரவு. சாயங்காலம் மத்தாப்பு வெளிச்சத்துலயே சின்னது முகம் வந்துச்சு, ஃப்ளாஷ் போடல. ஐப்பசி கடைசி நாள் காவிரியில முங்குற கடைமுகத்துக்கு லாகடம் படித்துறைக்கும் கேமராவத் தூக்கிட்டுப் போனேன், கூட்டத்துல இந்த 80எம்எம் கணக்கு அப்பதான் வரமா தெரிஞ்சுது, படித்துறையில கொஞ்சம் தள்ளி நின்னுக்கிட்டே ஈரத் தலையோட ஏறி வர்ற பாட்டிங்க முகம் மட்டும் எடுக்கலாம், அவங்களுக்கு தொந்தரவும் இல்ல. அத்தை மறுநாள் கார்த்திகை ஒண்ணாந்தேதி முழுகுற முடவன் முழுக்குக்கும் போகணும்னாங்க, நான் வேலைக்காரங்களுக்கு டீ போடணும்னு நின்னுட்டேன்.

யார் வாங்கலாம்னா, வீட்டு ஆளுங்கள, இருட்டு ரூம்ல, கிட்ட இருந்து எடுக்குறவங்க கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம், அபெர்ச்சர்ல ஏழு பிளேடு இருக்குறதால பின்னாடி விளக்குங்க வட்டமா வரும், பழைய மாடல்ல அஞ்சுதான். ரூம், கல்யாண மண்டபம், குரூப் போட்டோ எடுக்கணும்னா இது வேணாம், மாமா ஒருத்தரையே தலை முதல் கால் வரைக்கும் எடுக்கணும்னா பன்னெண்டடி பின்னாடி போகணும். செகண்ட் ஹேண்ட்ல வாங்குறதா இருந்தா டார்ச்ச ஒரு பக்கமா அடிச்சு மறுபக்கம் பாருங்க, உள்ள சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா வச்சுட்டு வந்துருங்க. வெயில் மறைக்கிற ஹூட் பெட்டிக்குள்ள வராது, ஈஎஸ்-68னு தனியா வாங்கணும், வாங்குங்க, லென்ஸ் முன்னாடிக் குழாய் ஃபோகஸ் பண்ணும்போது லேசா வெளிய வரும், ஹூட் இருந்தா அடி அதுல விழாது.

மூடிதான் ஒண்ணு. 49எம்எம் முன்மூடி எங்கயோ போச்சு, கடைசியா பாத்தது புது அடுப்பு மேடைக்கு கலவை போட்ட அன்னிக்கு அந்தத் திட்டு மேல வச்சப்போ. வீடு முழுக்கத் தேடியாச்சு. கொத்தனார் மேடையத் தட்டிக் காட்டி "இதுக்குள்ளதான் இருக்கும், வேணும்னா ஒடைக்கவா"ங்கறார். இப்போதைக்கு ஒரு ரப்பர் பேண்டும் சின்னதோட பழைய சாக்ஸும்தான் மூடி.